நூடுல்ஸ் கிண்ணத்துக்கு உச்ச விலை!
லான்சோ நகரில் ஒரு காலை

காலை ஏழு மணி. நல்ல குளிர். தெருமுனைக் கடை வாசலில் ஒரே கும்பல். ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கட்டட வேலையாட்கள் எல்லாரும் முண்டுகிறார்கள். ஏதோ அடிதடி போலிருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். (நிருபர் புத்தி!)

அடிதடி இல்லை. நூடுல்ஸ் வாங்க நிற்கிறார்கள்!

சீனாவின் வடமேற்கில் கான்சு மாகாணத்தின் தலைநகர் லான்சோ. மஞ்சள் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. நமக்கு இட்லி மாதிரி, இந்த ஊருக்குக் காலை ஆகாரம் மாட்டுக்கறி நூடுல்ஸ்.

கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, சமையல் கட்டு ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். திருதிருவென்று விழித்தேன்.

"என்ன தடிமன் வேணும்னு கேக்குறார், அண்ணே. சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றான் கூட வந்த தம்பி. அங்கே படிக்கிற நம்மூர்ப் பையன்.

தலைமுடி போல மெல்லிசிலிருந்து, இடுப்பு பெல்ட் அகலம் வரை பல தினுசு உண்டாம். தம்பியே "எர் ஷீ" என்றான். அது நடுத்தரம்.

கை வித்தை

மாஸ்டர் கையில் ஒரு பிடி மாவு. பரோட்டா மாஸ்டர் வீசுவதைப் பார்த்துப் பழகிய எனக்கே திகைப்பு! இழுக்கிறார், மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். ஒரு தடவை மடித்தால் இரண்டு இழை. ஏழாவது தடவை 128. கத்தி கிடையாது, இடியாப்ப உழக்கு கிடையாது. நான் வாட்சைப் பார்ப்பதற்குள் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டார். மாவு அறாமல் இழுபடுவதற்காக முன்பெல்லாம் பாலைவனச் செடி ஒன்றை எரித்துச் சாம்பலைச் சேர்ப்பார்களாம். இப்போது பெரும்பாலும் பாக்கெட் தூள்தான்.

தெளிந்த சூப்பு, வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ். இந்த ஐந்தும் இருந்தால்தான் அசல். மிளகாயைப் பார்த்துப் பயந்தேன். வாயில் வைத்தால் நம்ம ஊர்க் காரத்தில் பாதிகூட இல்லை, வாசனைதான் தூக்கல். குச்சியில் எடுத்ததில் பாதி சட்டைக்குப் போனது. சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன். அங்கே அது தப்பில்லை.

கறிதான் ஏமாற்றம். பொடிப்பொடியாய் நாலைந்து துண்டு. கூடுதல் கறிக்குத் தனிக் காசு. சைவக்காரர்களுக்கு இங்கே வேலையே இல்லை. சூப்பே எலும்பு வெந்த தண்ணீர்!

ஹுய் முஸ்லிம்களின் கைப்பக்குவம் இது. 1915-ல் இந்தத் தொழிலைத் தொடங்கிய மா பாவோசி, தோளில் காவடி போலச் சுமந்து தெருத் தெருவாய் விற்றவர்.

அரை யுவான் கலாட்டா

2007 ஜூனில் ஊரில் பல கடைகள் ஒரே சமயத்தில் கிண்ணத்துக்கு அரை யுவான் ஏற்றின. சாமான் விலையெல்லாம் ஏறிவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்றார்கள் கடைக்காரர்கள். தினமும் சாப்பிடுகிற ஜனங்கள் கொதித்துப் போனார்கள்.

நகர அதிகாரிகள் குறுக்கே வந்தார்கள். சாதாரணக் கடையில் பெரிய கிண்ணம் 2.50 யுவானுக்கு மேல் விற்கக்கூடாது. சின்னக் கிண்ணம் அதைவிட 0.20 குறைவு என்று உத்தரவு! சீனா முழுக்க இதே பேச்சு. கடைக்காரன் விலையில் சர்க்கார் தலையிடலாமா என்று ஒரு கட்சி. ஏழை வயிற்றைக் காப்பாற்றினால் தப்பா என்று இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டால், போர்டில் எழுதின விலையைப் பிடித்து நிறுத்தலாம். கிண்ணத்துக்குள்ளே எத்தனை துண்டு கறி என்று எந்த இன்ஸ்பெக்டர் எண்ணுவார்? விலையும் நிற்கவில்லை. நான் கட்டியது 9 யுவான். நம்ம பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். அந்த 2.50-ஐ ஞாபகம் வைத்துப் புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றான் தம்பி.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். கடை சாத்திக் கிடந்தது. காலை வியாபாரம் முடிந்தால் பல கடைகள் அப்படித்தானாம். அதற்கடுத்த நாள் ஏழு மணிக்கே வரிசையில் நின்று, நானே "தா குவான்" என்று சத்தமாய்ச் சொன்னேன். வந்தது பெல்ட் அகலப் பட்டை. இந்தத் தடவை கூடுதல் கறிக்கும் சீட்டு வாங்கியிருந்தேன்.