"ஆறுமுகம்னு பேரு வந்துச்சு... அப்பா எழுந்து உட்கார்ந்துட்டாரு!" - நாகப்பட்டினம் ஜெராக்ஸ் கடையில் ஒலிக்கும் பினாங்குப் பாட்டு

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். ஆதார் நகல் தேவைப்பட்டதால், துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் இல்லை, இந்தி இல்லை. நாகூர் பக்கம் என்பதால் அரபியாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். மெதுவான தாளம், குழைவான ஆண் குரல், நடுவில் கிதார்.

"என்ன பாட்டு சார் இது?"

மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கடைக்காரர் சொன்னார். "மலாய்ப் பாட்டும்மா. ஆனா பாடுறது நம்ம ஆளு."

நம்ம ஆள் மலாயில் ஏன் பாடுகிறார் என்று கேட்டதுதான் தாமதம். ஸ்டூலை இழுத்துப் போட்டார். கப்பல் செய்தி அன்றைக்கு இரவு 11 மணிக்குத்தான் டெஸ்க்குக்குப் போனது.

அவருக்கு இப்போது 68 வயது. "பேரைப் போடாதீங்கம்மா. தம்பி படிப்பான்" என்று சிரித்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது கடைசியில்தான் புரிந்தது.

அந்தப் பாட்டைப் பாடியது 'அலிகேட்ஸ்' என்ற மலேசிய பாப் குழு. பினாங்கில் 1960-களின் இறுதியில் தொடங்கியது. முன்னால் நின்று பாடியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ் அண்ணன் தம்பி. இருவருக்கும் தலையைச் சுற்றி ஒரு பெரிய சுருள்முடிப் பந்து. 70-களின் ஆப்ரோ ஸ்டைல். மலேசியாவில் அந்த முடியின் நிழலைப் பார்த்தாலே யாரென்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

நம் கடைக்காரர் 1966-ல், ஒன்பது வயதில், 'ரஜூலா' கப்பலில் ஏறிப் போனவர். "கப்பல் கரைக்கு வராதும்மா. கடல்ல தள்ளி நிக்கும். படகுல கொண்டுபோய் ஏத்துவாங்க. எங்கம்மா கண்ணை மூடிக்கிட்டே ஏணி ஏறுனாங்க." அப்பாவுக்கு பினாங்குத் தீவில், மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலை. வீடு எதிர்க்கரையில் பட்டவொர்த்தில். தினமும் ஃபெர்ரியில் போய் ஃபெர்ரியில் வரவேண்டும். பினாங்குப் பாலம் வந்தது 1985-ல்தான். அதற்குள் இவர் ஊர் திரும்பிவிட்டார்.

1968-ல் அங்கேயே தம்பி பிறந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் 11 வயது வித்தியாசம். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. அப்பா குடியுரிமை வாங்காததால் அவரிடமும் பெரிய மகனிடமும் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அங்கேயே பிறந்த சின்னவனுக்கு நீல அட்டை. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் தங்கலாம், ஆனால் வேலைக்கு பெர்மிட் வேண்டும். 1968-ல் வந்த சட்டம் அது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியதும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியா திரும்பினார்கள். "ஒரே தட்டுல சாப்பிடுவோம். ஆனா சட்டைப் பையில வேற வேற கலரு" என்கிறார்.

இந்த இடத்தில் இசைக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூர் வந்து போன பிறகு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தெருவுக்குத் தெரு கிதார் குழுக்கள் முளைத்தன. பிறகு பீட்டில்ஸ் பைத்தியம். அந்த அலைக்கு 'பாப் யே யே' என்று பெயர். குழுக்களுக்கு மலாயில் 'குகிரான்' என்று ஒரு சொல்லையே உருவாக்கினார்கள். 'கும்புலான் கிதார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம். துள்ளல் கிதார் குழு என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லும்போதே ஆடத் தோன்றுகிறது இல்லையா?

அலிகேட்ஸ் வந்தது அந்த அலை வடியும் நேரத்தில். இந்தியர், சீனர் என்று கலந்த குழு. ஆங்கிலப் பாட்டுகளைப் பாடி ஹாங்காங் வரை போய் கிளப்புகளில் வாசித்தார்கள். பிறகு மலேசியாவுக்குத் திரும்பி மலாயில் பாடத் தொடங்கினார்கள். 1979-ல் 'தெரிமா காசே' என்ற ஆல்பம் வந்தது. 'நன்றி' என்று அர்த்தம். பின்னாளில் மலேசிய இசையின் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆன எம்.நாசிர், தன் ஆரம்பக் காலத்தில் இவர்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்திருக்கிறார். 'செக்குந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' என்று ஒரு பாட்டு. ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை என்று பொருள். தலைநகரைப் பார்த்து 'சிரி' என்று சொல்லும் 'செஞுயும்லா கோலாலம்பூர்' இன்னொன்று. எல்லாம் காதலும் பிரிவும் கொண்ட மெல்லிய பாட்டுகள்.

மலாய்க் கலாசாரம்தான் தேசியக் கலாசாரத்தின் அடித்தளம் என்று அரசு கொள்கை வகுத்து சில வருடங்களே ஆன காலம் அது. அந்த நேரத்தில் பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பி மலாயில் பாடி, மலாய்க்கார வீட்டு வரவேற்பறைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் அரசியல் எதுவும் பேசவில்லை. பாடினார்கள், அவ்வளவுதான். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. சிவப்பு அட்டை சிவப்பாகவேதான் இருந்தது.

மறுபடி பட்டவொர்த் வீட்டுக்குப் போவோம்.

"1978 கடைசியிலதான் அங்க கலர் டிவி வந்துச்சு. எங்க வீட்டுல கறுப்பு வெள்ளைதான். ஒருநாள் ராத்திரி இவங்க ரெண்டு பேரும் வந்து பாடுறாங்க. அப்பா பாயில படுத்துக்கிட்டே, 'யாருடா இவனுங்க, ஆப்பிரிக்காக்காரனா?'ன்னாரு. பாட்டு முடிஞ்சதும் கீழ பேரு வந்துச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். டேவிட் ஆறுமுகம். லோகநாதன் ஆறுமுகம். அப்பா எழுந்து உட்கார்ந்துட்டாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், 'முடியை வெட்டுனா நல்லாருப்பானுங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

அந்த முடிதான் அடுத்த பிரச்னை. இவருக்கு இயற்கையிலேயே சுருள்முடி. சீப்பை உள்ளே விட்டு மேலே தூக்கித் தூக்கி ஆறு மாதத்தில் ஒரு பந்து வளர்த்துவிட்டார். அப்போது அவர், அப்பா கணக்கெழுதிய அதே கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை காலையில், "பசியாறிட்டு வாடா, ஒரு எடம் போகணும்" என்று கூட்டிப்போய் முடிதிருத்துபவர் முன் உட்கார வைத்துவிட்டார். முடி என்றாலே அங்கே பெரியவர்களுக்கு ஒரு பதற்றம் இருந்திருக்கிறது. 1992-ல் நீள முடி வைத்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று தடையே போட்டார்கள். பிரபலமான பாடகர்களுக்கு அமைச்சர் முன்னிலையில் முடி வெட்டியதை நாடே டிவியில் பார்த்தது.

1980-ல் தீவில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு அலிகேட்ஸ் வந்தார்கள். இரண்டு டிக்கெட் வாங்கினார். தனக்கு ஒன்று, 12 வயதுத் தம்பிக்கு ஒன்று. "ஒரு வாரச் சம்பளத்துல பாதி வெள்ளி அதுக்கே போச்சு" என்கிறார். வெள்ளி என்றால் ரிங்கிட். மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இவர் இன்னும் அப்படியே சொல்கிறார். "எங்களைச் சுத்தி மலாய்க்காரங்க, சீனங்க. எல்லாரும் சேர்ந்து பாடுறாங்க. தம்பி என் சட்டையப் புடிச்சு இழுத்து, 'அண்ணே, இவங்களும் அண்ணன் தம்பியா?'ன்னான். ஆமாண்டான்னேன். திரும்ப வர்றப்ப ஃபெர்ரியில என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். நல்ல மழை."

1983-ல் அப்பா இறந்தார். பெர்மிட், வாடகை, அம்மாவின் உடம்பு என எல்லாம் சேர்ந்து நெருக்கியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவது என்று முடிவு செய்தார். தம்பிக்கு 15 வயது. படிப்பு கெடக் கூடாது என்று அத்தை வீட்டில் விட்டார்கள். "நீல அட்டை வச்சிருக்கான், அவனுக்கு அங்கதான் வாழ்க்கைன்னு அத்தை சொன்னாங்க. சரின்னு பட்டுச்சு."

வந்தது 'எம்.வி.சிதம்பரம்' கப்பலில். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு டஜன் கோடாலித் தைலம், ஒன்பது கேசட். அதில் ஏழு அலிகேட்ஸ். இரண்டு வருடம் கழித்து, 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவே ஓடிய கப்பல் இல்லாமல் போனது. விமானத்துக்குக் காசு ஏது?

நாகப்பட்டினமே இளையராஜாவில் மூழ்கியிருந்த நேரத்தில் இவர் மட்டும் மலாய் கேசட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் மனைவி, "இவரு என்ன மந்திரம் கேக்குறாரு?" என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா கடைக்கு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "இப்பவும் அதையேதான் கேக்குறேன்!"

2000-ல் அம்மா போனார். மறு வருடமே பூர்வீக மனை பற்றிய பேச்சு வந்தது. தம்பி தன் பங்கைக் கேட்டார். 17 வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தானே என்று இவர் கேட்டார். போனில்தான் சண்டை. "அவன் ஒரு வார்த்தை சொன்னான். 'என்னைய விட்டுட்டுப் போனவன்தானே நீ'ன்னான். மனையைப் பத்திச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். இதுக்கு என்ன பதில் சொல்றது? போனை வச்சுட்டேன்."

ஆறு வருடம் பேச்சே இல்லை.

நடுவில் 2004 டிசம்பர் 26. சுனாமி இவர் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. ஆட்கள் தப்பினார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கேசட்டுகள் சேறாகின. பினாங்கிலும் அன்று அலை அடித்து உயிர்கள் போயின. அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று தம்பி கேட்டார். இவரிடம் அல்ல, திருவாரூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம். தம்பி எப்படி இருக்கிறார் என்று இவரும் அதே சித்தப்பா மகனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "நீங்களே பேசித் தொலைங்களேன்" என்று அவர் கத்தினாராம். அப்போதும் பேசவில்லை.

2007 ஜூன் 4. நுரையீரல் புற்றுநோயால் லோகநாதன் ஆறுமுகம் இறந்தார். அண்ணன் டேவிட் இருக்க, தம்பி முந்திக்கொண்டார். அலிகேட்ஸுக்கு 'அந்தாய்ஞா ஆக்கு பெர்கி டூலு' என்ற புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. 'நான் முதலில் போய்விட்டால்' என்று அர்த்தம். அந்தத் தலைப்பைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

"இங்க பேப்பர்ல எதுவும் நான் பாக்கல. ராத்திரி கடையைச் சாத்துற நேரம் போன் வந்துச்சு. நீளமான நம்பர். எடுத்தேன். 'அண்ணே, லோகா போயிட்டாரு'ன்னான். ஆறு வருஷம் கழிச்சு பேசுற மொத வார்த்தை அதுதான். நல்லாருக்கியா, மண்ணாருக்கியா... ஒண்ணும் இல்ல."

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"எந்த லோகான்னு கேக்கலையே! அதுலயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் அந்த ஷோவைப் பத்திப் பேசுனோம். லோகா அன்னிக்கு மஞ்சச் சட்டைன்னேன். இல்ல வெள்ளைன்னான். அதுக்கு ஒரு கால் மணி நேரம் சண்டை. அவன் கார்டு தீர்ந்து லைன் கட்டாயிடுச்சு. மறுநாள் திரும்பக் கூப்பிட்டான். 'வெள்ளைதான்'னான்."

மனையைப் பற்றி அன்றும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதும் அதற்காகத்தான்.

தம்பி இறந்த பிறகும் டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்கவில்லை. அதே முடியோடு தொடர்ந்து மேடையேறினார். 'டத்தோ' பட்டமும் வந்தது. சேறாகிப்போன கேசட்டுகளில் இருந்த பாட்டுகளை எல்லாம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகத் தேடி அனுப்பிவிட்டார். இந்தக் கடையில் காலை 9 மணிக்கு ஷட்டர் தூக்கியதும் முதலில் ஓடுவது அதில் ஒன்றுதான்.

அவருடைய மலாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சில வாக்கியங்கள் பேசிக் காட்டினார். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றார். மேசையில் விரலைத் தட்டி ஒரு பாட்டை முணுமுணுத்தார். மூன்றாவது வரியில் அந்தச் சொல் கிடைத்துவிட்டது. "பேசுறதுக்கு ஆளு இல்லம்மா. பாட்டுலதான் பத்திரமா இருக்கு."

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட் விலைகூடத் தெரிந்திருந்தது. பாஸ்போர்ட்தான் எப்போதோ காலாவதியாகிவிட்டதாம். புதுப்பிக்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று போனில் தேடிப் படித்துக் காட்டினேன். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். ஆதார் நகல் என்று வந்த இடத்தில் நிறுத்தி, தன் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் ஒரு பள்ளி மாணவி வந்து கிராஃப் பேப்பர் கேட்டாள். எடுத்துக் கொடுக்க எழுந்தவர், போனை என் பக்கம் தள்ளினார். தம்பி காலையில் அனுப்பிய ஒரு பழைய மேடைப் புகைப்படம் அதில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. அது மஞ்சத்தானே?"