சங்கத்துக் காசு யாருகிட்ட இருக்கு?

மரணாதார சங்கமோ, கோயில் கமிட்டியோ, மாதர் சங்கமோ, எந்தத் தோட்டத்தில் கூட்டம் போட்டாலும் கடைசியில் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். இலாபம் பாராத ஒரு சங்கத்தை எப்படி நடத்துவது என்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்து பார்த்து, அதைப்பற்றி எழுதியும் வைத்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தலைவர் ஏ. டி. ஆரியரத்ன. 2024 ஏப்ரலில், 92ஆவது வயதில் காலமானார்.

காலிக்கு அடுத்த உனவட்டுனவில் 1931இல் பிறந்தவர். கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1958 டிசம்பரில் மாணவர்களைக் கனத்தொழுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப்போனார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. பட்டணத்துப் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்து ஊர்மக்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். நாமெல்லாம் இன்றைக்குச் சர்வசாதாரணமாகச் சொல்கிற "சிரமதானம்" நாடெங்கும் பரவியது இப்படித்தான். 1969இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1972இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் இயக்கம் பதிவானது.

அவருடைய நிர்வாக முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. கொழும்பிலிருந்து லொறியில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழியல்ல. முதலில் ஊர் கேட்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து பாதையோ கிணறோ வெட்டுவார்கள். அந்த வேலையில் யார் பேசுகிறவர், யார் செய்கிறவர் என்று தெரிந்துவிடும்! அதற்குப் பிறகே சிறுவர், இளைஞர், தாய்மார் என்று குழுக்கள். தண்ணீர், உணவு, வீடு, கல்வி என்று பத்து அடிப்படைத் தேவைகளில் தங்கள் ஊருக்கு எது இல்லை என்று அவர்களே பார்ப்பார்கள். மூன்றாவது கட்டத்தில் ஊர்ச் சங்கம் தன் பெயரிலேயே சட்டப்படி பதிவாகும். அப்புறம் காசும் கணக்கும் அந்தச் சங்கத்துடையது. நாலாவது கட்டம் வருமானம் தேடுவது. ஐந்தாவது, பக்கத்து ஊருக்குக் கைகொடுப்பது. சேமிப்புக்கும் கடனுக்குமாக "சீட்ஸ்" என்ற தனிப் பிரிவும் தொடங்கப்பட்டது.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நம் தோட்டங்களிலிருந்து கடை வேலைக்குப் போயிருந்த பிள்ளைகளும் அகதி முகாம்களில் இருந்தார்கள். அப்போது அந்த முகாம்களில் உதவி செய்தவர்களில் சர்வோதயத் தொண்டர்களும் உண்டு. பெரும்பாலும் சிங்களவர்கள். அந்த வருஷக் கடைசியில் கதிர்காமத்திலிருந்து நயினாதீவு வரை சமாதான நடை போக ஆரியரத்ன புறப்பட்டார். ஜனாதிபதி கேட்டுக்கொண்டதால் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. புறப்பட்டதே பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

அவர் வழியிலும் ஒரு பள்ளம் இருந்தது. 1980களில் நெதர்லாந்து, நோர்வே போன்ற நாடுகளின் நன்கொடை நிறையவே வந்தது. பணம் வந்ததும் ஆட்கள் கூடினார்கள், அறிக்கைகள் கூடின. எதைச் செய்ய வேண்டும் என்பதில் கொடுப்பவர்களும் பேச ஆரம்பித்தார்கள். 1990களில் அந்தப் பணம் குறைந்தபோது இயக்கம் கஷ்டப்பட்டது. ஊரைத் தன் காலில் நிற்கச் சொன்ன நிறுவனத்துக்கே வந்த நிலை இது.

நம்ம தோட்டத்துக்கு இந்த முறை அப்படியே பொருந்துமா? அவ்வளவு லேசில்லை. கிராமத்தில் கிணறு வெட்ட ஊர்க்காரருக்கு நிலம் இருக்கிறது. லயத்து மண் கம்பனியின் கையில் இருக்கிறது. தோட்டங்களுக்குச் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குத் தடையாக இருந்த சட்டப் பிரிவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதனால் வேலி ஓரத்தில் கிராமத்துக்குப் பாதை வந்தும், தோட்டத்துக்கு வராமல் போனது.

ஆனால் சங்கத்தை அதன் பெயரிலேயே பதிவு செய்வதற்கும், வங்கிக் கணக்கைத் தலைவர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் வைப்பதற்கும் நிலம் தேவையில்லை. பதிவுக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போகும்போது பொருளாளர் மட்டும் போகாமல், மாதர் சங்கத்து அக்கா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.