உங்களுக்குத் தெரியுமா? ரொட்டி முந்தி, வயல் பிந்தி!

முதலில் வேட்டை, பிறகு விவசாயம், அதன் பின் வீடு, ஊர், கோயில், எழுத்து. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரிசை இது. மண்ணைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்குக் கிடைத்த வரிசையோ வேறு மாதிரி இருக்கிறது. சில துணுக்குகள்:

● ஜோர்டானின் வடகிழக்கே, கருங்கல் பாலைவனத்தில் சுபைக்கா என்றோர் இடம். அங்கே ஒரு பழைய கல்லடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. வயது சுமார் 14,400 ஆண்டுகள். காட்டுத் தானியத்தையும் கோரைக் கிழங்கையும் இடித்து மாவாக்கிச் சுட்டிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் விவசாயம் தொடங்க அப்போது இன்னும் 4,000 ஆண்டுகள் இருந்தன!

● 1989-இல் கலிலேயா ஏரியில் தண்ணீர் வற்றியபோது, 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகளின் தடம் வெளிப்பட்டது. இடத்தின் பெயர் ஓஹாலோ. சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால், அங்கிருந்தவர்கள் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அடையாளம் தெரிந்தன. காட்டுப் பார்லியும் காட்டுக் கோதுமையும் அவற்றில் உண்டு. அரைத்த கல்லில் மாவுச்சத்துகூட ஒட்டியிருந்தது.

● அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் 1960-களில் துருக்கி மலைச்சரிவில் இறங்கி, சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்புக்குச் சுமார் ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறியது. மூன்று வாரம் அறுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. உழாமல், விதைக்காமல், களை பறிக்காமல்!

● காட்டுக் கோதுமை முற்றியதும் கதிர் தானாக உடைந்து மணிகள் மண்ணில் கொட்டிவிடும். ஆனால், பிறவியிலேயே உதிராத கதிர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அரிவாள் பட்டதும் மற்றவை சிதற, இவை மட்டும் முழுசாக வீடு வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு விதையிலும் இவையே மிகுந்தன. இப்படித் தன்னையறியாமலேயே மனிதன் செடியை மாற்றிவிட்டான். செடிக்கும் மனிதன் விதைத்தால்தான் பிழைப்பு என்றாகிவிட்டது.

● இந்த மாற்றம் ஆமை வேகத்தில் நடந்தது. சீனாவின் தியான்லுவோஷானில் கிடைத்த நெல்லை ஆராய்ந்தார்கள். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் உதிராத நெல் 27 சதவீதம். 300 ஆண்டுகள் கழித்து 39 சதவீதம், அவ்வளவுதான்.

● துருக்கியின் கோபெக்லி தெபேயில் 'டி' வடிவக் கல்தூண்கள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. சில ஐந்தரை மீட்டர் உயரம். உடம்பெல்லாம் நரி, தேள், கழுகுச் சிற்பங்கள். வயது சுமார் 11,500 ஆண்டுகள். 1995-இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் தோண்டத் தொடங்கினார். கிடைத்த எலும்பெல்லாம் காட்டு விலங்குகளுடையவை. தானியமும் காட்டுத் தானியமே. அத்தனை பெரிய கட்டுமானத்தை எழுப்பியவர்கள் வேடர்கள்!

● வீட்டு எலியும் விவசாயத்துக்கு மூத்தது. மேற்காசியாவில் வேடர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்கத் தொடங்கிய 15,000 ஆண்டுகளுக்கு முன்பே அது வந்து ஒட்டிக்கொண்டது. பூனை? சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு மனிதப் புதைகுழியின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவுக்குப் பூனை சொந்தமில்லை. யாரோ படகில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

● சிரியாவின் அபு ஹுரேராவில் கிடைத்த பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல், முழங்கால், முதுகு மூன்றும் தேய்ந்திருந்தன. காரணம், நாள்தோறும் மணிக்கணக்கில் மண்டியிட்டு, குழவியை முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்ததுதான்.

● துருக்கியின் சாத்தால்ஹோயூக்கில் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். ஆனால் தெரு கிடையாது! வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருந்தன. கூரை மேலே நடந்து, ஏணி வழியே உள்ளே இறங்க வேண்டும். இறந்தவர்களை அடக்கம் செய்ததும் அதே வீட்டுத் தரைக்கடியில்தான்.

● பலூசிஸ்தானின் மெஹர்கர், கோதுமையும் பார்லியும் விளைந்த மிகப் பழைய ஊர். அங்கே 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் 11 பற்களில் துளை போடப்பட்டிருந்தது. துளையின் விளிம்பு மென்று மென்று தேய்ந்திருப்பதால், உயிரோடு இருக்கும்போதே போட்டது உறுதி. மணிகளில் துளையிடக் கல் ஊசி வைத்திருந்த ஊர் அது.

● விவசாயம் ஓரிடத்தில் பிறந்து உலகெங்கும் பரவியதல்ல. பப்புவா நியூ கினியின் கூக் சதுப்பில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டார்கள். மெக்சிகோவில் ஏறக்குறைய பத்தே மணி கொண்ட தியோசின்டே என்ற காட்டுப் புல், 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளமாக மாறத் தொடங்கியது.

● நம் பக்கத்திலும் சொந்தப் பயிர்கள் உண்டு. கர்நாடக, ஆந்திர மேட்டு நிலத்தில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்த்தவர்கள் கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியம் பயிரிட்டார்கள். மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்ததால் உருவான அவர்களது சாம்பல் மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

● விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியம் வந்தது. களஞ்சியம் வந்ததும் கணக்கு வந்தது. ஈராக்கின் உருக் நகரில் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் பார்லி, பீர், ஆடு, வேலையாள் படி ஆகியவற்றின் வரவு செலவே இருக்கிறது. ஒரு தலை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வரைந்தால் 'உணவுப் படி' என்று பொருள். கதையும் பாட்டும் எழுத்தில் ஏறப் பிறகு பல நூற்றாண்டுகள் ஆயின. உலகின் முதல் எழுத்தாளர் ஒரு கணக்குப்பிள்ளை!