மடக்குக் கருவியின் பதம்

கத்தி, திருப்புளி, தகரத்திறப்பான், கத்தரிக்கோல் முதலியன ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் சிறு கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். இருபது உறுப்புகள் உள்ளனவென்னும் பெருமை விற்போருக்கே உரியது. வாங்குவோர் நோக்கவேண்டியது உருக்கின் பதத்தையே. கூர்மை நிலைப்பதற்குக் கத்தியின் அலகு கடினமாயிருத்தல் வேண்டும். ஆனால், கடினம் மிகுந்த உருக்கு முறுக்குங்கால் ஒடிந்துவிடும். ஆதலால் திருப்புளிக்குச் சற்றுத் தளர்ந்த பதமும், உறுப்புகளை அழுத்திப் பிடிக்கும் வில்லுக்கு அதனினும் தளர்ந்த பதமும் தேவை. 1884இல் சுவிற்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரிலே காள் எல்செனர் தொடங்கிய பட்டறையின் வழிவந்த விக்டோரினொக்ஸ் நிறுவனம், றொக்வெல் அளவையில் அலகுக்கு 56, திருப்புளிக்கு 52, வில்லுக்கு 49 என வகுத்துள்ளது.

இவ்வேறுபாட்டைப் பேணாது எல்லாவற்றையும் ஒரே பதத்தில் ஆக்கினால் செலவு குறையும். குறையோ பாவனையில் வெளிப்படும். அலகு நாலு கயிறு அறுத்ததும் மழுங்கும், அல்லது திருப்புளியின் நுனி உதிரும். வில் சோர்வதே பெருங்கேடு. பூட்டில்லாத கத்தியை விரிந்த நிலையில் நிறுத்துவது அவ்வில் ஒன்றே. அது சோர்ந்தால் வேலையின் நடுவே அலகு மடங்கி விரலை வெட்டும். கடையிலேயே அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல் நன்று. தறையாணி தளர்ந்திருப்பின் அது ஆடும். மெல்ல மடக்கும்போது முடிவில் 'டக்'கென்று தானே அமராத கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.