வான்கோழி கொண்டுவரும் விருந்தாளி

விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையுடன் போகலாகாது என்பது நம்மவர் வழக்கம். பழமோ புஷ்பமோ வாங்கிக்கொண்டு போவோம். "விருந்துக்குப் பிரதானமான பதார்த்தத்தையே சமைத்துக் கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டால் நம் கதி என்ன?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாள். அன்று பந்துமித்திரர்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். மசித்த உருளைக்கிழங்கு, பூசணிக்காய்ப் பலகாரம் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டு வருவது அநேக குடும்பங்களின் வழக்கம். வான்கோழியை ஒப்புக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம்!

இப்பறவையின் பெயரே ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர் துருக்கி தேசத்தின் பெயரால் அதை 'டர்க்கி' என்கிறார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்று நம் நாட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். உண்மையில் அதன் ஜன்மபூமி அமெரிக்காவேதான்.

பனிக்கட்டியாய் உறைந்த 16 ராத்தல் வான்கோழி குளிர்பெட்டியில் இளகுவதற்கே நான்கு நாள் பிடிக்கும். பிறகு 325 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணமுள்ள அடுப்பில் சுமார் நான்கு மணி நேரம் வேக வேண்டும். தொடை வேகுமுன் மார்புக் கறி வறண்டுபோவதுதான் இதிலுள்ள சங்கடம். உஷ்ணமானியைத் தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல் செருகிப் பார்த்து, 165 டிகிரி காட்டினால் இறக்கலாம். உடனே அறுத்தால் சாறெல்லாம் வடிந்துவிடும். 20 நிமிஷம் ஆறவிட வேண்டும். அலுமினியத் தாளிலும் கனத்த துண்டிலும் பொதிந்து, மோட்டாரில் ஏற்றி, சூடு தணியுமுன் விருந்து வீட்டை அடைய வேண்டும். அங்கே இருபது பேர் வாசலைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்!

இந்தத் திருநாளுக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1621-ம் வருஷத்து அறுவடை விருந்து. பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயருடன் வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட்டும் அவருடைய ஆட்கள் சுமார் 90 பேரும் மூன்று நாள் விருந்துண்டார்கள். அதைக் குறித்து எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகள் என்று மட்டுமே இருக்கிறது. வான்கோழியின் பெயர் இல்லை. ஆனால் வாம்பனோவாக்குகள் வேட்டையாடிக் கொண்டுவந்த மான்கள் ஐந்து என்று கணக்காகச் சொல்லியிருக்கிறார்.

மான் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? நிலம் கைமாறிக்கொண்டே போயிற்று. 1675-ல் யுத்தம் மூண்டது. மறு வருஷம் மாசசாய்ட்டின் குமாரர் மெட்டாகாமைக் கொன்று, அவர் தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் ஏற்றிவைத்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுவல்லவா?

1863-ல் ஆப்ரகாம் லிங்கன் இத்திருநாளைத் தேசம் முழுவதற்கும் பிரகடனம் செய்தார். 1970 முதல் அதே வியாழக்கிழமையன்று பூர்வகுடிகள் பிளிமத்தில் கூடித் துக்கதினம் அனுஷ்டித்து வருகிறார்கள்.

வான்கோழி சுமந்து வருகிறவரை வாசலிலேயே எதிர்கொண்டு அழைத்து, பாத்திரத்தை வாங்கி வைப்பது அமெரிக்கர் மரியாதை. நல்ல மரியாதைதான். ஐந்து மான்களைக் கொண்டுவந்த கைகளையும் அந்தப் பந்தியில் நினைத்தால், நன்றியறிதல் என்ற பெயர் பொருந்தும்.