வீட்டு வெப்பமூட்டல் அமைப்பில் காந்த வடிப்பான்

குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்ச் சுற்றில் மிதந்து வரும் இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தத்தால் பிடித்து நிறுத்தும் சிறு கலமே காந்த வடிப்பான் ஆகும். பாய்லரில் சூடாகும் நீர், பம்பின் உதவியால் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று, ஆறிய பின் மீண்டும் பாய்லருக்கு வருகிறது. அந்தத் திரும்பு குழாயில், பாய்லருக்கு அருகே இக்கலம் பொருத்தப்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது தேவையில்லை. லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ போன்ற பகுதிகளில் வாழும் தமிழர் வீடுகளில் இதைக் காணலாம்.

கருந்தூளும் கொல்லிமலைப் பாறையும்

வடிப்பானைத் திறந்தால் காந்தத் தண்டில் மை போன்ற கரிய சேறு ஒட்டியிருக்கும். இது வெளியிலிருந்து வந்த அழுக்கு அன்று. எஃகால் ஆன ரேடியேட்டர்களின் உட்சுவரே அரித்துக் கரைந்து வந்தது. இதன் பெயர் மேக்னடைட். மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த இந்த ஆக்சைடு, காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும்.

இதே பொருள் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பாறையாகவே கிடக்கிறது. கொல்லிமலை, கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை ஆகியவற்றின் மேக்னடைட் படுகைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் ஆகியோர் எழுதி 1864-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்ட அறிக்கை, சேலம் வட்டாரத்தின் இரும்புப் படுகைகளை விரிவாக விளக்குகிறது. சேலம் பகுதியின் தாதுவை நம்பியே 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆற்று மணலில் காந்தத்தை இழுத்து விளையாடும்போது ஒட்டிக்கொள்ளும் கருந்துகள்களில் பெரும்பகுதியும் மேக்னடைட்தான். மலையில் தாதுவாக இருப்பதை உலையில் இட்டு மனிதர் இரும்பாக்கினர். ரேடியேட்டருக்குள் அந்த இரும்பு மறுபடியும் தாதுவாக மாறுகிறது.

மாற்றம் இவ்வாறு நிகழ்கிறது: நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனால் இரும்பு அரிக்கிறது. ஆக்சிஜன் குறைந்த நிலையில் இரும்பு ஹைட்ராக்சைடு உருவாகி, சூட்டில் அது மேக்னடைட்டாகவும் ஹைட்ரஜன் வாயுவாகவும் நீராகவும் பிரிகிறது. ரேடியேட்டரின் மேற்பகுதியில் அடிக்கடி சேரும் வாயு எப்போதும் காற்றாகவே இருக்க வேண்டியதில்லை. அது இந்த ஹைட்ரஜனாகவும் இருக்கலாம்.

சேற்றால் வரும் கேடு

மேக்னடைட் கனமானது, நீரோட்டம் மெதுவாகும் இடத்தில் படியும். ரேடியேட்டரின் மேற்புறம் சூடாகவும் கீழ்ப்புற நடுப்பகுதி சில்லென்றும் இருந்தால் உள்ளே சேறு படிந்துள்ளது என்று பொருள். மேற்புறம் மட்டும் குளிர்ந்திருந்தால் அது வாயு. பாய்லருக்குள் இருக்கும் வெப்பமாற்றியின் குறுகிய வழிகளைச் சேறு அடைத்தால் குளியலறைக் குழாயில் வெதுவெதுப்பான நீர்தான் வரும். இக்காலப் பம்புகளின் சுழலியிலேயே நிலைக்காந்தம் இருப்பதால் கருந்தூள் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. நடுக் குளிர்காலத்தில் பம்பு நின்றுவிட்டால் கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டின் பாடு சொல்லி மாளாது.

சுத்தம் செய்தல்

புதிதாகப் பொருத்திய வடிப்பானைச் சில வாரங்களில் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் முடிவிலும் சுத்தம் செய்வது நல்லது. பாய்லரை நிறுத்தி, நீர் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். வடிப்பானின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடி, அடியில் வாளியும் பழைய துணியும் வைத்து, மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். தரைவிரிப்பில் இந்தக் கருநீர் சிந்தினால் கறை போகாது.

சில வகைகளில் காந்தம் ஓர் உறைக்குள் இருக்கும். உறையைக் காந்தத்தோடு வெளியே எடுத்து, காந்தத்தை உருவினால் சேறு தானாக உதிர்ந்துவிடும். காந்தத்தோடு சேர்த்துத் தேய்ப்பவர்கள் வீணாகப் பாடுபடுகிறார்கள். ரப்பர் வளையத்தில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, சிலிக்கோன் பசை தடவி மூட வேண்டும். வால்வுகளைத் திறந்து, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி, அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்டுமாறு நீர் சேர்த்து, கசிவு இல்லை என்று உறுதி செய்த பின்பே பாய்லரை இயக்கலாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இவ்வேலையைச் செய்யக்கூடாது; காந்தம் அத்தனை வலிமையானது.

எரிவாயு பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை வேறு. பிரிட்டனில் அது 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியது. வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் எதையும் கழற்றத் தேவையில்லை. இங்கிலாந்தில் பொதுவாக வெப்பமூட்டும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருப்பது, 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் கடமை.

சேறு சொல்லும் செய்தி

வடிப்பானைக் கழுவியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே பலரும் செய்யும் தவறு. வடிப்பான் துகளைப் பிடிக்கும், அரிப்பை நிறுத்தாது. அதற்கு நீரில் அரிப்புத் தடுப்பு மருந்து கலந்திருக்க வேண்டும். கழுவும்போது வெளியேறும் நீரோடு மருந்தும் சிறிது போய்விடுகிறது. பிரிட்டனின் பி.எஸ். 7593 தரநெறி 2019-இல் திருத்தப்பட்டபோது வடிப்பானை நிலையாகப் பொருத்துமாறு கூறியதோடு, மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்கவும் பரிந்துரைத்தது. அலுமினிய வெப்பமாற்றி உள்ள பாய்லருக்கு அதற்கு ஏற்ற மருந்தையே வாங்க வேண்டும்.

மூடிய சுற்றில் புதுநீர் நுழையாவிட்டால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்து, அரிப்பும் ஓய்ந்துவிடும். எனவே காந்தத்தில் சேரும் தூள் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். எவ்வளவு சேர்ந்தது என்பதை ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது பயனுள்ள பழக்கம். தூள் குறையாமல், அழுத்தமும் வாராவாரம் இறங்கினால் எங்கோ கசிகிறது. சேர்க்கும் ஒவ்வொரு புதுநீரும் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. வெளிவரும் நீர் கருப்பாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் தாராளமாக உள்ளே போகிறது என்று அறியலாம். அந்தச் செந்துருவைக் காந்தம் நன்றாக ஈர்ப்பதில்லை. அப்போது வடிப்பான் சுத்தமாகத் தோன்றினாலும், கசிவு உள்ள இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.