ஓய்ந்துபோகும் காவலர்

ஹெப்பகோடியிலே குடியேறிப் பொம்மசந்திரத் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம்மவரிடையே, காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடும் வழக்கம் இன்றும் உண்டு. சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். புகழ் மூலிகைக்குச் சேரும். ஆனால் கண்ணில் மஞ்சளே காட்டாமல் கல்லீரலில் ஆண்டுக்கணக்காகத் தங்கும் கிருமி ஒன்றுண்டு. அதுவே ஹெபடைடிஸ் பி.

இக்கிருமி கல்லீரல் அணுக்களை நேராகக் கொல்வதில்லை என்பது வியப்புக்குரியது. இரத்தத்தின் வெள்ளை அணுக்களுள் டி அணுக்கள் எனும் காவலர், கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கின்றனர்; கல்லீரல் புண்படுவது அப்போரினால்தான். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் காவலர் வென்றுவிடுகின்றனர். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்று பெற்ற சிசுக்களிலோ, பத்தில் ஒன்பதுக்குக் கிருமி நிலைத்துவிடுகிறது.

பகைவன் அகலாது நின்றால் காவலரும் ஓய்ந்துபோவர். டி அணுவின் மேல் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. வண்டிக்குப் பிரேக் போன்றது. 1992-இல் ஜப்பானியரான தாசுகு ஹோஞ்சோவின் குழுவினர் இதனைக் கண்டனர். ஓயாத போரில் உறுப்பே அழியாதிருக்க இயற்கை வைத்த தடை போலும்! ஐதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவும் அவர்தம் குழுவினரும் 2006-இல், நாட்பட்ட தொற்றுடைய எலிகளில் இத்தடையை விலக்க, ஓய்ந்த அணுக்கள் மீண்டும் போரிட்டன. இன்று அவ்வழி புற்றுநோய்க்குப் பெரிதும் பயன்படுகிறது; ஹெபடைடிஸ் பி-க்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

கீழாநெல்லியையும் நாம் இகழவில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், அதனை உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. ஆகவே அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

நம் பெண்மக்கள் பலர் பிரசவத்திற்கு ஓசூர் தாண்டித் தாய்வீடு செல்கின்றனர். இங்கு எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டும் தாயி கார்டும் உடன் செல்லட்டும். குழந்தை எங்குப் பிறப்பினும் முதல் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள் போடப்பெற வேண்டும்; பின்னர் 6, 10, 14 வாரங்களில். தாய்க்குத் தொற்றிருப்பின் சிசுவுக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. 2018 முதல் அரசுத் திட்டத்தின்கீழ் இந்நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொற்றுடைய மருமகளுக்குத் தனித்தட்டு வைக்கும் வீடுகளுக்கும் ஒரு சொல்: உடன் உண்பதாலோ, குழந்தையைத் தழுவுவதாலோ இக்கிருமி பரவுவதில்லை.